நண்டு செய்யாத சத்தியம்

ஒரு காட்டில் ஒரு யானை. அதன் காதில் முள் கிழித்த புண். புண்ணின் ஓரத்தில் ஓர் உயிரணு. அந்த உயிரணுவுக்குள் இன்னொரு காடு இருந்தது, குழந்தைகளே. நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

புண் ஆறவேண்டுமென்றால் அந்தக் குட்டிக் காடு இரண்டாகப் பிரியவேண்டும். அங்கே ஒரே மாதிரி இரண்டு நீள நூல்கள் கிடந்தன. டி.என்.ஏ. என்று பெயர். யானையை யானையாகச் செய்வது எப்படி என்பது அதில்தான் இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துப்போக இரண்டு எருமைகள் நின்றன. நூல் அறுந்துபோனால் காடே பாழ், புண்ணும் ஆறாது.

அங்கே இருந்த ஒரு குரங்கு நூல்களை வளையம் வளையமாகச் சுருட்டிக் கைகளில் மாட்டிக்கொண்டது. ஆனாலும் ஓரிடத்தில் ஒன்றுக்குள் ஒன்று சிக்கியிருந்தது. எருமைகள் இழுக்க இழுக்க சிக்கு இறுகியது.

நண்டு வந்தது. ஒரு நூலைச் சட்டென்று வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் இரண்டு கொடுக்கிலும் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் தளர்த்துங்கள். மற்ற நூலை இந்த இடைவெளியில் நுழைத்துவிட்டு ஒட்டிவிடுகிறேன்."

பெரிய எருமை குளம்பை ஊன்றிக்கொண்டது. "நீ முனையை விட்டுவிட்டால்?"

"விடமாட்டேன்."

"வாயால் சொன்னால் போதாது. என் குளம்பில் கையடித்துச் சத்தியம் செய். அதுவரை தளர்த்தமாட்டேன்."

"கையடிக்க வேண்டுமென்றால் முனையை விடவேண்டுமே, எருமையாரே."

"பார்த்தாயா, இப்போதே விடுவதைப் பற்றிப் பேசுகிறது" என்றது சின்ன எருமை.

இரண்டும் இன்னும் பலமாக இழுத்தன. நண்டு முனைகளை இறுகப் பிடித்துக்கொண்டது. பாவம், அதற்கு முதுகு வேறு அரித்தது.

குரங்குக்குப் பொறுக்கவில்லை. "நண்டுக்காக நான் சத்தியம் செய்கிறேன்" என்று பாய்ந்து வந்து குளம்பில் ஓங்கி அடித்தது. அதன் கையிலிருந்த வளையங்களெல்லாம் சரிந்து எருமைகளின் கொம்புகளில் மாட்டிக்கொண்டன.

"இப்போதுதான் எனக்கு நிம்மதி" என்று பெரிய எருமை இழுப்பதை நிறுத்தி அசைபோட ஆரம்பித்தது. சின்ன எருமையும் நிறுத்தியது.

சத்தியம் செய்த குரங்கின் கையில் ஒன்றுமில்லை. நண்டு மட்டும் இரண்டு முனைகளையும் பிடித்தபடி நின்றது.

நூல் தளர்ந்ததும் அது மற்ற நூலைக் காலால் இடைவெளிக்குள் தள்ளி, முனைகளை ஒட்டியது. சிக்கு விட்டது. குரங்கு முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சுருட்டியது. எருமைகள் இழுத்தன. காடு இரண்டானது. யானையின் புண்ணும் ஆறத் தொடங்கியது.

போகும்போது பெரிய எருமை திரும்பிப் பார்த்தது. "நல்லவேளை, குரங்கு சத்தியம் செய்தது. இல்லாவிட்டால் இந்த நண்டு விட்டிருக்கும்."

நண்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

நீதி: கெட்டியாகப் பிடித்திருப்பவனிடம் கையடித்துச் சத்தியம் கேட்காதே.