பெத்தணன் ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்த்த கதை

சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்று பெயரெடுத்த ஊர் மேட்டுக்காளிப்பட்டி. அந்த ஊரிலேயே ஒரு சொல்லைக்கூடத் தட்டாதவன் பெத்தணன். அவனிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மற்றபடி நல்ல வண்டிதான். ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான்.

அன்றைக்கு அவன் தங்கச்சி வைரச்செல்விக்கு வளைகாப்பு. பத்தரை மணிக்குள் ஐந்து அண்டாவில் ஐந்து வகைச் சோறு அவள் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வீடோ ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. மேட்டுக்குக் கீழே கண்மாய்.

"அண்ணே, சோறு ஒரு பருக்கை சிந்துனாலும் என் மாமியா வாய்க்கு நான் தப்ப முடியாது" என்று போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். தங்கச்சி என்றால் பெத்தணனுக்கு உயிர். பெண்டாட்டியோடு பிறந்த மச்சான் குருவையாவையும் கூட்டாளி தவசியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதுரைக்குப் போயிருந்த மெக்கானிக் கமருதீன் பாய்க்குப் போன் போட்டான்.

"லிவரை நல்லா இழுத்துப் புடிச்சு, எத்தனை பல்லுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார் பாய். அவர் கேட்டது, இழுக்கும்போது லிவர் 'டக் டக்' என்று ஏறும் பல்லை.

பெத்தணன் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். குருவையா டார்ச் அடித்து எண்ணினான்.

"இருபத்தேழு."

"ஆடுற பல்லையும் சேத்தா?" என்றான் தவசி.

"ஆடுனாலும் பல்லுதானடா."

கணக்கைக் கேட்டதும் பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "இருபத்தேழா! ஏழெட்டுல நிக்கணுமேப்பா!"

பெத்தணன் பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டான். நல்லவேளை, பாய் பிடுங்கச் சொல்லவில்லை. "கேபிள் சுத்தமா லூசு. வண்டிக்கு அடியில ஒரு நட்டு இருக்கும். ரெண்டு சுத்து சுத்துனாப் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூவரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

"நட்டு அடியிலதானே இருக்கு. அங்க எப்படி மச்சான் சுத்துறது?" என்றான் குருவையா.

"கருவறைக்குள்ள போயா சாமியைச் சுத்துறோம்? வெளியதானே சுத்துறோம்?" என்றான் பெத்தணன்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூவரும் வண்டியை வலமாக இரண்டு சுற்று சுற்றி வந்தார்கள். தவசி ஒரு கும்பிடும் போட்டான்.

மேடேறி வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி பத்து இருபது. பெத்தணன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் காலை எடுத்தான். வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. திரும்பக் கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு போனை எடுத்தான்.

"பாய், வண்டி பின்னால போகுது!"

"உடனே பின்னால ஒரு கல்லு வைங்கடா! பெருசாப் பாத்து வைங்க. அப்புறம் அசையவே அசையாது!"

தவசியும் குருவையாவும் ஓடினார்கள். மாமியார் வீட்டு ஆட்டுக்கல்தான் கண்ணில் பட்டது. இருப்பதிலேயே பெரியது அதுதான். முக்கி முனகித் தூக்கி வந்து பார்த்தால், வண்டியின் பின்னால் ஐந்து அண்டாவும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"கல்லை எங்கண்ணே வைக்கிறது?" என்றான் தவசி.

"அண்டாவை எறக்கிட்டு வையி. பாய் கல்லைத்தானே வைக்கச் சொன்னாரு, சோத்தையா வைக்கச் சொன்னாரு?" என்று பெத்தணன் உள்ளேயிருந்து கத்தினான்.

ஐந்து அண்டாவும் அலுங்காமல் வீட்டுக்குள் போயின. ஆட்டுக்கல் வண்டியில் ஏறியது. பெத்தணன் நிம்மதியாக மூச்சு விட்டு, காலை எடுத்து, கீழே இறங்கிக் கதவையும் சாத்தினான்.

வண்டி முதலில் தயங்கியது. பிறகு கல்லின் கனத்தோடு கிடுகிடுவென்று மேட்டை விட்டு இறங்கிப் போய்க் கண்மாய்க்குள் நின்றது.

மாமியார் அண்டா அண்டாவாகத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. மணி பத்து இருபத்தெட்டு. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் அவள் விழிப்பதைப் பார்த்து வைரச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெத்தணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு பாய்க்குப் போன் போட்டான்.

"பாய், உங்க வாக்கு வாக்குதான்! வண்டி கண்மாய்க்குப் போயிருச்சு. ஆனா கல்லு இம்மிகூட அசையல!"