எடை போட வந்தவர்

ஒரு திட்டம் பலன் தருகிறதா இல்லையா என்று அளந்து சொல்வதைக் கற்றுக்கொள்ள, வேதரத்தினம் தன் ஐம்பத்தொன்பதாவது வயதில் அதே வேலையைச் செய்துவரும் பெர்னதெத்திடம் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பெர்னதெத்துக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளை மேடம் என்றார். அவள் அவரை வாத்தியார் என்றாள்.

முதல் நாள் அவர் கேட்டார்.

"ஒரு திட்டம் ஏழைகளுக்கு நல்லது பண்ணுதுன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

"அது இல்லாம இருந்தா என்ன ஆகியிருக்கும்னு பார்க்கணும்."

"இல்லாததை எங்க போய்ப் பார்க்கிறது?"

பெர்னதெத் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே அறுபது சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மலைக் கிராமத்தின் பெயர்.

"குலுக்கிட்டு ரெண்டு பாதியாப் பிரிங்க."

பிரித்தார்.

"இந்த முப்பது ஊருக்கு மாசாமாசம் சத்துமாவும் உதவித்தொகையும் போகும். அந்த முப்பதுக்கு இப்போதைக்கு ஒண்ணும் போகாது. எல்லா ஊர்லயும் குழந்தைங்களை எடை போடுவோம். வருஷக் கடைசியில வித்தியாசம் தெரிஞ்சா, எல்லா ஊருக்கும் கொடுப்பாங்க."

"ஒண்ணும் போகாத ஊருக்கு யார் போறது?"

"நீங்கதான்."

"அங்க நான் என்ன பண்ணணும்?"

"எடை போடணும். எழுதணும். வந்துடணும்."

"அவங்க ஏதாவது கேட்டா?"

"பேச்சு கொடுக்காதீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் அவங்க வேற மாதிரி நடப்பாங்க. அளவு கெட்டுடும்."

வேதரத்தினம் நல்ல மாணவர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மொபெட்டில் மலையேறினார். துணித் தூளி கட்டிய தராசை வாசல் உத்தரத்தில் மாட்டினார். எடை போட்டார், எழுதினார், வந்தார். ஒருவரிடமும் பேசவில்லை.

வருஷக் கடைசியில் அரைக் கிலோ மைசூர்பாகோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

"மேடம், ஜெயிச்சாச்சு!"

ஒரு தாளை விரித்தார். அதில் குழந்தைகளின் எடைப் புள்ளிகள், அவற்றின் நடுவே இரண்டு கோடுகள். ஒன்று மேலே ஏறியது. மற்றது கீழே இறங்கியது.

"மாவு போன ஊர்ல குழந்தைங்க தேறியிருக்கு. போகாத ஊர்ல இளைச்சிருக்கு. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கல. மைசூர்பாகு எடுத்துக்கங்க."

பெர்னதெத் எடுத்துக்கொள்ளவில்லை. கீழே இறங்கிய கோட்டில் விரலை வைத்தாள்.

"ஒண்ணும் கொடுக்கலைன்னா கோடு இருந்த இடத்துல இருக்கணும். இது ஏன் இறங்குது?"

"மழை சரியில்லையோ என்னவோ."

"ரெண்டு பக்கமும் ஒரே மழைதான். எல்லாத்துக்கும் அடியில இருக்கிற புள்ளி யாரு?"

"நானூத்திப் பதினேழு மேடம். ஆலடிப்பாறை."

"நம்பரைக் கேக்கல. யாரு?"

"பேரெல்லாம் நாம எழுதுறதில்லையே மேடம்."

"போய்ப் பேர் கேட்டுட்டு வாங்க. ஏன் இளைச்சுதுன்னும் கேளுங்க. இந்தத் தடவை பேசலாம்."

மறுநாள் காலை வேதரத்தினம் ஆலடிப்பாறைக்குப் போனார். மொபெட் சத்தம் கேட்டதும் நானூற்றுப் பதினேழாம் எண் குழந்தையின் தாய் உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது குழந்தைக்குச் சிவப்பு கவுன் போட்டிருந்தது. கன்னத்தில் கண் மையால் ஈரம் காயாத ஒரு பொட்டு.

"வாங்கய்யா. இன்னிக்கு வர்ற நாளே இல்லியே? நான் கும்புட்டது சாமிக்குக் கேட்டுடுச்சு."

"உன் பேரு என்னம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "ஐயா பேசுவீங்களா! ஊமைன்னுல்ல நெனச்சிருந்தோம். செல்லக்கிளிங்க. இவ தன்ஷிகா."

சொல்லிக்கொண்டே தராசை அவர் கையிலிருந்து வாங்கி அவளே உத்தரத்தில் மாட்டினாள். குழந்தையைத் தூளியில் வைத்தாள். போன தடவை வைத்ததும் அலறிய குழந்தை, இப்போது அழவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா, பழகிட்டா" என்றாள் செல்லக்கிளி.

ஆறு கிலோ நூறு. போன தடவை ஏழு இருந்தது. குழந்தைக்கு ஒன்றரை வயது. அவர் எழுதினார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு இன்னொரு தடவை போட்டுடுங்க."

"எதுக்கும்மா?"

"இவளுக்கு ஒரு தடவை பத்தலைங்க. வாரக்கணக்கா வயித்தால போகுது. ரெண்டு தடவை போட்டா சீக்கிரம் தேறிடுவால்ல?"

வேதரத்தினத்துக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"முன்னெல்லாம் போவங்கய்யா. இறங்கி ஏற ஒரு நாள் ஆவும், அன்னிக்கிக் கூலி போயிடும். இப்பதான் நீங்களே வூட்டுக்கு வாரீங்களே. பக்கத்து வூட்டுக்காரிகிட்டகூட சொன்னேன், என் புள்ள லிஸ்ட்டுல இருக்குதுடின்னு."

"லிஸ்ட்டுல இருக்கிற மத்தவங்க?"

"அவங்களுந்தாங்க. இருவத்திரெண்டு புள்ளைங்க. ஒருத்தரும் இப்ப ஆஸ்பத்திரி போறதில்ல. அதான் ஐயா வர்றாரேன்னு."

சொல்லிவிட்டு தராசின் முள்ளைப் பார்த்துக் கை கூப்பினாள். வேதரத்தினம் இன்னொரு தடவை எடை போட்டார். அதே ஆறு நூறு.

மலையிலிருந்து அவர் இறங்கிய வேகத்தில் இரண்டு முறை விழப் பார்த்தார். அலுவலகத்துக்குள் வந்து உட்காராமலே பேச ஆரம்பித்தார்.

"மேடம், எல்லாம் தப்பு! நாம ஒண்ணும் கொடுக்கலைன்னு நெனச்சோம். கொடுத்திருக்கோம். எடை போடுறதே வைத்தியம்னு நம்பிட்டாங்க. என் தராசைப் பார்த்துட்டு ஆஸ்பத்திரி போறதையே நிறுத்திட்டாங்க. அந்தக் கோடு வறுமையால இறங்கல மேடம். என்னால இறங்கியிருக்கு!"

பெர்னதெத் கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"இந்த ஊர்ல மட்டும் இருபத்திரெண்டு. மத்த இருபத்தொன்பது ஊர்ல எப்படின்னு தெரியல. ராத்திரியோட ராத்திரியா எழுதித் தந்துடறேன். ஆனா எப்படி எழுதுறதுன்னுதான் குழப்பம். உண்மையை எழுதினா, இந்த ஒப்பீடு செல்லாதுன்னு திட்டத்தையே நிறுத்திடுவாங்க. மாவு வாங்கிட்டிருக்கிற முப்பது ஊருக்கும் அது நின்னுடும். எழுதலைன்னா திட்டம் எல்லா ஊருக்கும் வரும், ஆனா பொய்யில வரும். நானூத்திப் பதினேழை மட்டும் எடுத்துட்டுப் பார்க்கலாமா? இல்ல, அந்த ஊரையே கழிச்சுடலாமா? எது மேடம் சரி?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பெர்னதெத் எழுந்து ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். வெளியே வந்து வண்டியில் ஏறினாள். வேதரத்தினம் தாள்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"பதில் சொல்லிட்டுப் போங்க மேடம். எது சரி?"

"பேர் கேட்டீங்களா?"

"கேட்டேன். தன்ஷிகா."

"தன்ஷிகா எங்க?"

"ஆலடிப்பாறையிலதான் மேடம். எடை போட்டேன். எழுதினேன். வந்து..."

கையிலிருந்த தாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

பெர்னதெத் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினாள்.

"நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன், வாத்தியாரே. ஏறுங்க."