மணி அடிக்காத திருத்தம்

பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. அங்கே மூன்று பேர் உட்கார்ந்து, குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சாஃப்ட்வேர் எழுதினார்கள். அதில் டாக்டர் சீட்டு எழுதும் பகுதி, அதாவது மாட்யூல், கோமதிக்கு. மருந்துக்கடை மாட்யூல் ரசூலுக்கு. வார்டில் நர்ஸ் பார்க்கும் மாட்யூல் எபநேசர் அண்ணாச்சிக்கு.

கோமதிக்கு முப்பது வயது, அண்ணாச்சிக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் குரு அவள்தான். லேப் டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அனா ஆவன்னாவிலிருந்து புரோகிராம் சொல்லிக்கொடுத்தவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

இந்த எடையுள்ள பிள்ளைக்கு இவ்வளவு மருந்து என்கிற கணக்கு மூன்று மாட்யூலுக்கும் வேண்டும். அதை ஒரே இடத்தில் எழுதி, பொது லைப்ரரி என்று சர்வரில் வைத்திருந்தார்கள்; மூன்றும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். அதில் கை வைக்கிறவர் சுவரில் தொங்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். மற்ற இருவரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்து பார்த்து, தங்கள் மாட்யூலையும் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அந்த மாடியில் சட்டம் என்று இருந்தது இது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியின் மாட்யூல் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அவருடைய முதல் வேலை. வீட்டில் கேசரி கிண்டிக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

காலையில் கோமதி மணி அடித்தாள்.

"காய்ச்சல் மருந்து பாட்டில் மாறுது. இனிமே வர்றது ரெண்டு மடங்கு வீரியம். அளவைப் பாதியாக்கிட்டேன், பாருங்க."

"சரி" என்றான் ரசூல்.

அண்ணாச்சியும் தன் மாட்யூலை ஓட்டினார். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. "சரி" என்றார்.

மத்தியானம் கேசரி டப்பாவைத் திறந்ததும் அவருக்கு ஒரே குஷி.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பொது லைப்ரரி என்னத்துக்கு? அந்தக் கணக்கை ஆளுக்கொரு காப்பி எடுத்து வச்சிக்கிட்டா மணியும் வேண்டாம், கூட்டமும் வேண்டாமே."

கோமதி கை கழுவிவிட்டு வந்தாள்.

"உங்க பேத்தி எத்தனை கிலோ இருப்பா அண்ணாச்சி?"

"பத்து. ஏன்?"

"அவளுக்குக் காய்ச்சல்னு வச்சிக்கிடுவோம்."

"வாயைக் கழுவுங்க டீச்சர்."

அவள் சிரித்துக்கொண்டே தன் மாட்யூலில் பத்து என்று போட்டாள். மூன்று மில்லி என்று வந்தது. ரசூலின் மாட்யூலில் போட்டாள். அதிலும் மூன்று. அண்ணாச்சியின் நாற்காலியில் போய் உட்கார்ந்து போட்டாள்.

ஆறு.

அண்ணாச்சி டப்பா மூடியைக் கையில் பிடித்தபடியே எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"காப்பி எடுத்து வச்சிருக்கீங்க" என்றாள் கோமதி.

"ஆமா டீச்சர். போன வாரம். அளவு ரெண்டே கால், ரெண்டே முக்கால்னு வராம, அரை அரை மில்லியா வந்தா நர்ஸுங்களுக்கு ஊத்திக் கொடுக்க லேசு. அதை மட்டும் மாத்தலாம்னு. காலையில நீங்க மணி அடிச்சப்போ, இது தனியாக் கிடக்குதுங்கிற நெனைப்பே இல்ல."

"அன்னைக்கே மணி அடிச்சிருக்கலாமே."

அவர் டப்பாவின் மூடியைத் தடவினார்.

"அடிச்சா ரெண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால வந்து நிப்பீங்க. இந்த வயசுல, ஒவ்வொரு எழுத்தா தேடித் தட்டுறதை ஆளு நின்னு பாக்கணுமா? வெக்கமா இருந்துச்சு."

ரசூல் கிண்டல் பண்ணவில்லை. சாதாரணமாக விடுகிறவன் இல்லை அவன். டப்பாவிலிருந்து இன்னொரு கை கேசரி எடுத்துக்கொண்டு, "நான் தட்டுறதும் அப்படித்தான், நீங்க பாத்ததில்லையே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

அண்ணாச்சி காப்பியை அழித்தார். மாட்யூலைப் பொது லைப்ரரியோடு மறுபடி இணைத்தார். பத்து என்று போட்டார். மூன்று என்று வந்தது. பெருமூச்சு விட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"டீச்சர், பொதுவுல ஒரு தப்பு விழுந்தா மூணு எடத்துலயும் கெட்டுப்போவுமே?"

"போவும்" என்றாள் கோமதி. "மூணு பேரும் சத்தம் போடுவோம். காலையில இருந்து இந்த ஆறு மில்லி இங்கதான இருந்துச்சு. யாரு சத்தம் போட்டா?"

அந்த அரை மில்லி திருத்தம் இன்னும் பாக்கி இருந்தது. அண்ணாச்சி எழுந்து போய் மணியை அடித்தார்.