புல் எரியாத ஆண்டு

"ஒரு நம்பர் கேட்டேன் டீச்சர். ஒரே ஒரு நம்பர். அதைத் தர்றதுக்கு ஒரு மழைக்காலம் பத்தலையா உங்களுக்கு?"

கேட்டவர் பரஞ்சோதி. முடி நரைக்கும்வரை போராட்டம் தவிர வேறு தொழில் அறியாதவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, துண்டறிக்கைகளை வாசித்தே உலகத்தைப் படித்தவர். தன் மகள் வயதில் இருப்பவரை டீச்சர் என்று அழைக்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கு கசந்தது.

மங்கையற்கரசி அடுப்பில் இருந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கவேண்டி அந்த மலைநாட்டில் புல்மேடுகளை எரிக்கும்போது ஆண்டுதோறும் எவ்வளவு மீத்தேன் வானத்துக்குப் போகிறது என்று கணக்குப் பார்ப்பவர் அவர். அரசு வேலையை உதறிவிட்டு, ஆளற்றுக் கிடந்த பழைய தீக்காவல் கோபுரம் ஒன்றில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கேள்வியோடு வருகிறவர்களுக்குப் பதில் கொடுப்பதில்லை. வேலை கொடுப்பார்.

பரஞ்சோதியும் வேலை செய்தார். புல் அறுத்தார், காயவைத்தார், எடை போட்டார், எரித்தார், மிஞ்சிய சாம்பலையும் எடை போட்டார். கரியமில வாயுவை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒருநாள் கேட்டதற்கு, எரித்த இடத்தில் மறுபடி முளைத்த புல்லைக் காட்டினார் மங்கையற்கரசி. "இது அதைத் திரும்ப எடுத்துக்கும். மீத்தேன் திரும்பாது." அவ்வளவுதான் பாடம்.

"சாம்பலை எடை போட்டது போதும்," என்றார் பரஞ்சோதி. "நாளைக்குக் கூட்டம். சர்க்கார்ல மேட்டுக்கு வேலி போடப் போறாங்க. மாடு வச்சிருக்கிற சனம் மொத்தமும் மலையை விட்டு இறங்கணும். அதைத் தடுக்க எனக்கு ஒரு நம்பர் வேணும்."

"வேலி போடறதுக்கு அவங்க என்ன காரணம் சொல்றாங்க?"

"ரெண்டு சொல்றாங்க. புல் எரிக்கிறது மூணு மடங்கு ஆயிடுச்சாம். அது ஒண்ணு."

"இன்னொண்ணு?"

பரஞ்சோதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் நோட்டீஸ்."

அவர் வாழ்க்கையின் பெருமையே அந்த நோட்டீஸ்தான். பல ஆண்டுகளுக்கு முன்னால், எரிந்த மேட்டையெல்லாம் அரசு தரிசு என்று எழுதித் தேயிலைத் தோட்டக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். இந்த ஆண்டு யாரும் புல்லை எரிக்காதீர்கள் என்று அவர் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார். ஆண்டு முடிவில் அரசின் தீக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது. 'எங்கள் ஒரு சொல்லுக்கு நாடே தீப்பெட்டியைக் கீழே வைத்தது' என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்.

"அதை எடுத்து வச்சுக்கிட்டு வேலி போட வந்த அதிகாரி எனக்கே வாசிச்சுக் காட்டறான் டீச்சர். ஒரு வருஷம் எரிக்காம இருந்தீங்களே, மாடு எதுவும் சாகலையே, இனிமே எப்பவும் அப்படியே இருங்களேன் அப்படீங்கறான்."

"நல்லா வாசிச்சாரா?"

"எழுத்துப் பிழையைத் திருத்தி வாசிச்சான்."

மங்கையற்கரசி பாலை இறக்கி வைத்தார். "மேலே வாங்க தோழர்."

பரஞ்சோதி முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் ஏறினார். முழங்கால் வலித்தது. நாட்டில் எத்தனையோ பேர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். இவர் ஏணியைக் காட்டுகிறார்.

உச்சியில் நின்றால் புல்மேடுகள் அலை அலையாகத் தெரியும். பனி முடிந்து எரிப்புக்காலம் தொடங்கியிருந்தது.

"கண்ணாடியைக் கழற்றுங்க. எத்தனை புகை தெரியுது?"

"ஒண்ணு."

"போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார்.

"மூணு."

"ரெண்டு தீயை நீங்களே வச்சுட்டீங்களே தோழர்."

"நான் எங்கே வச்சேன்? அது ஏற்கெனவே..."

பரஞ்சோதி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

முன்பெல்லாம் கோபுரத்தில் ஆள் உட்கார்ந்து தீயை எண்ணினார்கள். பிறகு அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, செயற்கைக்கோளை எண்ணவிட்டார்கள்.

"கோபுரத்து ஆளுக்குப் பெரிய தீ மட்டும்தான் தெரியும்," என்றார் பரஞ்சோதி மெதுவாக. "மேலே இருக்கிறது சின்னத் தீயையும் பார்க்கும்."

"ரெண்டும் சேர்ந்து பார்த்த வருஷம் ஒண்ணு உண்டு. கோபுரம் ஒண்ணு எண்ணின இடத்துல அது மூணு எண்ணுச்சு."

"அப்ப எரிப்பு அதிகமாகலை. கண்ணுதான் மாறியிருக்கு."

பரஞ்சோதி ஏணியை மறந்து ஏறக்குறையக் குதித்தே இறங்கினார். இதைத்தான் ஒரு மழைக்காலம் முன்னால், ஒரு வாயில் சொல்லியிருக்கலாம். சாம்பலை எடை போடவிட்ட மனுஷி.

கட்டம் போட்ட தாளைத் தரையில் விரித்தார்கள். மங்கையற்கரசி கோபுரக் காலத்து ஆண்டுகளின் எண்களைச் சொல்லச் சொல்ல, பரஞ்சோதி மூன்றால் பெருக்கிப் புள்ளி வைத்தார். மழை பொய்த்த ஆண்டுகளில் புள்ளி கொஞ்சம் ஏறியது, மழை பெய்த ஆண்டுகளில் கொஞ்சம் இறங்கியது. மற்றபடி கோடு படுத்துக் கிடந்தது. அதிகாரி சொன்ன மலையேற்றம் எங்கும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பரஞ்சோதியின் நோட்டீஸ் ஆண்டு.

"பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான்," என்றார் பரஞ்சோதி. சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"நாளைக்கு அந்த அதிகாரி விரலை எங்கே வைப்பார்?"

பரஞ்சோதி கோட்டைப் பார்த்தார். பள்ளத்தில்தான் வைப்பான். இந்த ஒரு வருஷம் எரிக்காமல் இருக்க முடிந்ததே, எல்லா வருஷமும் ஏன் முடியாது என்பான்.

"கண்ணை மூடுங்க தோழர்."

"டீச்சர், எனக்கு வயசாச்சு. விளையாட்டெல்லாம்..."

"மூடுங்க."

மூடினார்.

"வெளியே எத்தனை தீ எரியுது?"

"மூடிக்கிட்டா எப்படித் தெரியும்?"

"பூஜ்யம்னு எழுதிக்கட்டுமா?"

"அதெப்படிப் பூஜ்யம் ஆகும்? பார்க்கலைன்னு எழுதுங்க." எரிச்சலில் அவர் குரல் உயர்ந்தது. "சின்னப் பிள்ளைக்குத் தெரியும், பார்க்கலைங்கறது வேற, இல்லைங்கறது வேற."

மங்கையற்கரசி பென்சில் நுனியைத் தாளில் இருந்த பள்ளத்தில் வைத்தார்.

பரஞ்சோதி கண்ணைத் திறந்தார்.

"அந்த வருஷம் கோபுரத்துல யார் இருந்தாங்க?" என்று கேட்டார் மங்கையற்கரசி.

யாரும் இல்லை. அது வேலைநிறுத்த ஆண்டு. ஒழுகாத கூரையும் ஒரு விளக்கும் கேட்டுத் தீக்காவலர்கள் எல்லோரும் இறங்கி வந்து, எரிப்புக்காலம் முழுக்கத் தலைநகரத்தில் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை உட்காரவைத்தவர் பரஞ்சோதி. கூடவே உட்கார்ந்திருந்தார். கோரிக்கை வென்றது. அதற்கும் தனியாக ஒரு நோட்டீஸ் அடித்தார்.

இரண்டு நோட்டீசும் ஒரே ஆண்டில், ஒரே அச்சகத்தில் அடித்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தனை காலத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"காலியா விட வேண்டிய இடத்துல எந்த மடையனோ பூஜ்யம் போட்டிருக்கான்," என்றார்.

"ஆமாம்."

"அதுக்காக எரிஞ்சுதுன்னு ஆயிடுமா? பார்க்கலை, அவ்வளவுதானே? என் பேச்சைக் கேட்டு நிறுத்தியும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். மேட்டுச் சனங்களின் சார்பில் கெங்கம்மா வந்திருந்தார். பத்து எருமைக்காரி. பரஞ்சோதியைக் கூட்டத்துக்கு அழைத்துப்போக வந்தவர், தாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"கெங்கம்மா, நீயே சொல்லு," என்றார் பரஞ்சோதி. "நான் எரிக்க வேண்டாம்னு சொன்ன வருஷம், உங்க மேட்டுல என்ன நடந்துச்சு?"

"அது ஆச்சு தலைவரே, எந்தக் காலமோ. கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள போகணும்."

"எரிச்சீங்களா, இல்லையா?"

கெங்கம்மா மங்கையற்கரசியைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை.

"எரிச்சோம். பின்ன எருமை எதைத் தின்னும், உங்க நோட்டீசையா?"

"மத்த மேட்டுல?"

"எனக்குத் தெரிஞ்ச மேடு எல்லாம் எரிஞ்சுது."

"இத்தனை வருஷமா ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே?"

"எப்படிச் சொல்றது? நீங்க டவுன்லேர்ந்து நடந்தே வந்து, வாசல்ல நின்னு, அதைச் சத்தமா வாசிச்சீங்க. வாசிக்கும்போது அழுதீங்க வேற. எங்க மாமனார்தான் சொன்னாரு, பாவம், விட்டுருங்கன்னு."

பரஞ்சோதி தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். தடியடி பட்டிருக்கிறார். சிறையில் கிடந்திருக்கிறார். யாரும் அவரைப் பாவம் என்று சொன்னதாக அவர் அறியவில்லை.

"இப்ப அந்த வருஷத்துக்கு என்ன போடறது?" என்று கேட்டார் கடைசியில். கேள்வி தாளைப் பார்த்துத்தான் வந்தது.

"பூஜ்யத்தை அழிச்சிட்டு, முந்தின வருஷத்தையும் பிந்தின வருஷத்தையும் சேர்த்து ஒரு கோடு போடுவோம். எண்ணாம விட்ட வருஷத்துக்கு அதுதான் வழக்கம்."

"அப்ப அது மத்த வருஷம் மாதிரி ஒரு வருஷம்."

"ஆமாம்."

"பள்ளம் போயிடும்."

"போயிடும். அதிகாரி விரல் வைக்க இடம் இருக்காது. சனம் மேட்டுல இருக்கும்."

"நீங்க போடுங்க டீச்சர்."

மங்கையற்கரசி பென்சிலை அவர் பக்கம் தள்ளினார்.

பரஞ்சோதி ரப்பரால் பூஜ்யத்தைத் தேய்த்தார். அதிக நேரம் தேய்த்தார். பிறகு பென்சிலை ஒரு புள்ளியில் வைத்து, அடுத்த புள்ளியை நோக்கிக் கொஞ்ச தூரம் இழுத்து, நின்றார்.

"என்ன தோழர், கை நடுங்குதா?"

"நடுங்கலை," என்றார் பரஞ்சோதி. "ஸ்கேல் ஒண்ணு குடுங்க. கை தானாப் பள்ளத்துக்கு இறங்குது."