முருங்கைக் கட்டையில் ஒரு வீரவேல்

ரணகேசரி என்றால் போர்க்களத்துச் சிங்கம். அந்தப் பெயரைச் சுமந்த ராஜா போர்க்களத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய வேல் மண்டபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! யானையைச் சாய்த்த வேல், கோட்டைக் கதவைப் பிளந்த ஈட்டி, ஏழு பேரை ஒரே குத்தில் கோத்த வல்லயம். எல்லாம் நகல்தான். அச்சு அசலாகச் செய்ததாக வியாபாரி சத்தியம் செய்திருந்தான். அசலை அவனும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ராஜாவின் உயிரே தாத்தாவின் வேல் மேல்தான் இருந்தது. அதன் அசல் எதிரி நாட்டில் கிடந்தது. தாத்தா அதை அங்கேயே போட்டுவிட்டுத்தான் ஓடி வந்திருந்தார். ஆனாலும் நகல் வந்திறங்கிய அன்று மேளதாளம் முழங்கியது. ராஜா ஓர் ஆணையும் போட்டார்: "அசலுக்கு உள்ள மரியாதையும் சட்டமும் நகலுக்கும் உண்டு. வித்தியாசம் பார்ப்பவன் ராஜத்துரோகி!"

திருவிழா அன்று அந்த வேல் வாசல் காவலன் இருளப்பன் கைக்கு வந்தது. முப்பது வருஷமாக வேலில் சாய்ந்து நின்றே பழகிய உடம்பு. கால் கடுத்ததும் வழக்கம்போலச் சாய்ந்தான். மடக்! வேல் இரண்டு துண்டு, இருளப்பன் குப்புற விழுந்தான். வெள்ளிப் பூச்சுக்குள்ளிருந்து முருங்கைக் கட்டை எட்டிப் பார்த்தது.

"என் தாத்தாவின் வேல் போச்சே! இவன் தலை உருளட்டும்!" என்று ராஜா குதித்தார்.

"சாமி, முருங்கைனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாய்ஞ்சிருக்கவே மாட்டேனே!" என்று கதறினான் இருளப்பன். ராஜாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மந்திரி அம்பலவாணன் கணக்குப் போட்டுப் பார்த்தான். எதிர்த்துப் பேசினால் தன் தலையும் சேர்ந்து உருளும். பேசாவிட்டால் ஒரு நல்ல மனிதன் முருங்கைக் கட்டைக்காகச் சாவான். வாசலில் இருளப்பனின் மனைவி பேச்சி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, தண்டனையை நானே முன்னின்று நிறைவேற்றுகிறேன். நாளை மதியம்," என்றான்.

மறுநாள் மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. மேடையில் இருளப்பன் மண்டியிட்டிருந்தான். அதே முண்டாசு, அதே முறுக்கு மீசை. கொலைச் சேவகன் வாளை ஓங்கினான். தலை உருண்டது. மேடையெங்கும் வைக்கோல் பறந்தது.

"என்ன விளையாட்டு இது? இருளப்பன் எங்கே?" ராஜா எழுந்தே விட்டார்.

"இதோ, தலை வேறு முண்டம் வேறாகக் கிடக்கிறானே," என்றான் அம்பலவாணன்.

"அடேய், இது பொம்மை!"

அம்பலவாணன் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவாக, மகாராஜா! நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் பார்ப்பவன் ராஜத்துரோகி. உங்கள் ஆணை. காவலர் காதில் விழுந்தால் உங்களையல்லவா பிடித்துக்கொண்டு போவார்கள்!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவின் முகம் சிவந்தது.

"ஊர் முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டாய். உனக்கும் தண்டனை உண்டு!"

"தெரியும், மகாராஜா. அதனால்தான் என்னைப் போலவும் ஒரு பொம்மை செய்து வண்டியில் கொண்டுவந்திருக்கிறேன். வைக்கோல் தட்டுப்பாடு. தொந்தி மட்டும் கொஞ்சம் குறைவு."

வண்டியில் அங்கவஸ்திரம் போர்த்திய பொம்மை ஒன்று பணிவாகக் குனிந்து உட்கார்ந்திருந்தது. ராஜா உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. கிரீடம் சரியச் சரியச் சிரித்தார்.

"இருளப்பனை வீட்டுக்கு அனுப்புங்கள். மந்திரிக்குப் பட்டுச் சால்வை. அந்தப் பொம்மைக்கு நூறு கசையடி!"

மேடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த புருஷனைப் பேச்சி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். மேடையில் முதல் அடி பொம்மை மேல் விழுந்தது. "ஐயோ, அம்மா!" என்று அலறினான் அம்பலவாணன்.

"அடி பொம்மைக்குத்தானே? நீ ஏனய்யா கத்துகிறாய்?" என்றார் ராஜா.

"பேசாமல் நின்றால் வித்தியாசம் பார்த்ததாக ஆகிவிடுமே, மகாராஜா!"