கொக்கு ஏன் எருமையின் காதோரம் நடக்கிறது?

அந்தக் காலத்தில், விலங்குக்கும் பறவைக்கும் பேச வாய் இருந்த நாளில், கொக்குக்கும் எருமைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கொக்கு ஏரியின் தெளிந்த கரையில் மீன் பிடிக்கும். எருமை சேற்றில் கிடக்கும். அந்தப் பக்கத்துக் காற்று பட்டால்கூட இறகு அழுக்காகிவிடும் என்று கொக்குகள் ஒதுங்கி நிற்கும்.

அந்த ஏரியில் மஞ்சமூக்கி என்று ஒரு கொக்கு இருந்தாள். கண் கூர்மையான கண். தண்ணீருக்குள் எது அசைந்தாலும் மற்றவர்களுக்கு முன்னால் கொத்திவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் சின்னி என்ற எருமைக் கன்று அழுதுகொண்டே அவளிடம் வந்தது.

"சித்தி, எங்கம்மாவுக்குக் காது கேக்கல. நான் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது. நாலாம் நாளு மந்தை ஆத்தைத் தாண்டுது. மூணு தடவை கூப்பிட்டும் பதில் சொல்லாதவங்களை விட்டுட்டுப் போயிடுவாங்க. புலி வர்ற கரை சித்தி இது."

அதுதான் மந்தை வழக்கம். எச்சரிக்கைக் குரல் காதில் விழாத ஒருத்தியால் எல்லோருக்கும் ஆபத்து என்று பெரியவர்கள் என்றைக்கோ முடிவு செய்திருந்தார்கள். கன்று மந்தையோடு போகும், தாய் இந்தக் கரையிலேயே நிற்பாள்.

தாயின் பெயர் காராயி. கூப்பிட்டால் திரும்பாததால், "எருமை மேல மழை பெஞ்ச மாதிரி நிக்கிறா பாரு" என்று சொந்த இனமே கேலி செய்தது. காக்கை வைத்தியர் வேறு கருவேல முள்ளை வாயில் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். "அடைச்ச காதைக் குடைஞ்சாத்தான் திறக்கும்" என்பது அவருடைய வைத்தியம். அவரிடம் போன முயல் ஒன்று இன்றுவரை ஒரு காதோடுதான் திரிகிறது.

கன்றின் அழுகை மஞ்சமூக்கியின் மனசை உருக்கிவிட்டது. மூக்கைச் சுளித்துக்கொண்டே பறந்துபோய்க் காராயியின் கொம்பில் உட்கார்ந்தாள். காதுக்குள் எட்டிப் பார்த்தாள். கொழுத்த உண்ணிகள், வரிசையாக ஏழு! டக் டக்கென்று கொத்தி எடுத்தாள்.

"முடிஞ்சுது! காராயி அக்காவுக்குக் காது சரியாயிடுச்சு!" என்று ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

மறுநாள் சின்னி சேற்றில் சிக்கிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அலறியது. பத்தடி தூரத்தில் காராயி நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள். வேறொரு எருமைதான் ஓடிப்போய்க் கன்றை முட்டித் தள்ளிக் கரையேற்றியது.

மஞ்சமூக்கிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலில் கண்ணில் பட்டதைக் கொத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் கொக்குப் புத்தியால்தானே இப்படி ஆயிற்று! அன்று அவள் மீன் பிடிக்கப் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் வந்தாள். இந்தத் தடவை காராயியிடம் போகவில்லை, நேராகச் சின்னியிடம் போனாள்.

"நீ நல்லாத்தானே இருக்க? உன்னை முதல்ல பாக்கணும். நல்லது எப்படி இருக்கும்னு தெரியாம கெட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாயைத் திற. நாக்கை நீட்டி ஆ சொல்லு."

"ஆஆ..."

தொண்டையைப் பார்த்தாள், இரண்டு காதையும் பார்த்தாள். தன் இறகு ஒன்றைப் பிடுங்கி மூக்குத் துளைகளுக்கு முன்னால் பிடித்தாள். இரண்டு துளைக்கு முன்னாலும் இறகு ஆடியது. அதே பார்வையை, அதே வரிசையில், காராயியிடம் பார்த்தாள். காது சுத்தமாக இருந்தது. தொண்டையில் புண் இல்லை, வீக்கம் இல்லை. வலது மூக்கில் இறகு லேசாக ஆடியது. இடது மூக்கில் அசையவே இல்லை! ஓரத்தில் ரத்தம் ஒரு கோடாகக் காய்ந்திருந்தது.

"அக்கா, எப்பவாவது காது கேக்குதா?" என்று காதோடு வாய் வைத்துக் கத்தினாள்.

காராயி மூக்கடைத்த குரலில் சொன்னாள். "எச்சில் முழுங்கும்போது மட்டும் டப்புனு ஒரு சத்தம் வரும், தங்கச்சி. அந்த ஒரு நொடி எம்புள்ள குரல் கேக்கும். உடனே போயிடும். அதுக்காகவே நான் நாள் பூரா முழுங்கிக்கிட்டே இருக்கேன்."

மஞ்சமூக்கிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. விழுங்கினால் காது திறக்கிறது என்றால், காதுக்கும் மூக்குக்கும் தொண்டைக்கும் உள்ளே ஏதோ வழி இருக்கிறது. மூன்று வாசல் இருந்தாலும் வீடு ஒன்றுதான். வாசலில் அழுக்கில்லை, அடைப்பு உள்ளே இருக்கிறது. ஏரியில் தண்ணீர் குடித்தபோது மூக்குக்குள் ஏறியது ரத்தம் குடிக்கிற அட்டையாகத்தான் இருக்க வேண்டும்!

"நாளைக்கு மத்தியானம் வரை தண்ணி குடிக்காதீங்க அக்கா. உள்ளே இருக்கிறவனுக்குத் தாகம் எடுக்கட்டும்" என்று மறுபடியும் காதோடு கத்தினாள்.

நாலாம் நாள் உச்சி வெயிலில் மந்தை ஆற்றங்கரையில் கூடியது. இங்கே ஏரியில் காராயி நாக்கு வறண்டுபோய், மூக்கைத் தண்ணீர்மேல் தொட்டும் தொடாமலும் வைத்தபடி நின்றாள். குடிக்கக் கூடாது, அசையவும் கூடாது. அவள் முகத்துக்கு எதிரே, முழங்கால்வரை சேற்றில், மஞ்சமூக்கி.

மந்தைத் தலைவன் கொம்பன் முதல் குரல் கொடுத்தான். காராயிக்குக் கேட்கவில்லை.

மூக்குத் துளையில் கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. மஞ்சமூக்கியின் கழுத்து தானாகப் பின்னுக்கு வளைந்தது. கொத்தத் துடித்தது. இப்போது கொத்தினால் பாதி அறுந்து பாதி உள்ளே தங்கிவிடும். பல்லைக் கடிக்கவும் கொக்குக்குப் பல் இல்லை. பொறுத்துக்கொண்டாள். நுனி உள்ளே போய்விட்டது.

இரண்டாம் குரல் வந்தது. சின்னியை மந்தையோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுபடி நுனி வந்தது. தண்ணீரின் குளிர்ச்சியைத் தேடி விரலளவு நீண்டது, அதற்கு மேலும் நீண்டது. மஞ்சமூக்கி அப்போதும் அசையவில்லை. கடைசியில் அது, உள்ளே ஒட்டியிருந்த வால் நுனி தவிர, முழு உடம்பையும் தண்ணீரில் தொங்கவிட்டது. அப்போதுதான் கவ்வினாள். கவ்வி வெடுக்கென்று இழுக்கவும் இல்லை, மெதுவாக, மெதுவாக உருவினாள்.

காராயி ஒரு தும்மல் போட்டாள் பாருங்கள்! மஞ்சமூக்கி அட்டையோடு பறந்துபோய்ச் சேற்றில் குப்புற விழுந்தாள். காராயியின் காதுக்குள் டப்பென்று ஏதோ திறந்தது. இந்தத் தடவை அது மூடிக்கொள்ளவில்லை.

முதலில் அவளுக்குக் கேட்டது கொம்பனின் மூன்றாம் குரல் அல்ல. அந்தப் பெரிய குரலுக்கு அடியில், தூரத்தில், விக்கி விக்கி அழுத ஒரு கன்றின் குரல்தான்.

"ம்மாஆ!" என்று காராயி பதில் கொடுத்ததில் ஆற்று மணல் அதிர்ந்தது. மந்தை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காக்கை வைத்தியர் முள்ளைக் கீழே போட்டுவிட்டார்.

ஆற்றைத் தாண்டும்போது சின்னி தாயின் விலாவை ஒட்டி நீந்தியது. வெள்ளை எது சேறு எது என்று தெரியாமல் மஞ்சமூக்கி காராயியின் முதுகில் உட்கார்ந்திருந்தாள்.

"சரியாயிடுச்சுல்ல தங்கச்சி, இன்னும் என்னத்தைப் பாக்குற?"

"ஒரு தடவை சரியாயிடுச்சுன்னு கத்தி அவமானப்பட்டவ நான். இன்னொரு பக்கத்தையும் காட்டுங்க அக்கா."

அன்று முதல்தான் கொக்கு எருமையை விட்டுப் பிரியாமல் நடக்கிறது. காதோரத்து உண்ணியைத் தின்பதால் உண்ணிக்கொக்கு என்று ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது. ஆனால் உண்ணியைக் கொத்தியதும் அது பறந்து போவதில்லை. தலையைச் சாய்த்து மூக்கைப் பார்க்கும், சுற்றி வந்து மறு காதையும் பார்க்கும். எருமையும், தாகமே எடுத்தாலும், அது பார்த்து முடிக்கும்வரை அசையாமல் நிற்கும்.