தண்ணீருக்குப் பயந்த மாதம்மா

அந்தக் காலத்தில் ஆடுமாடுகள் மட்டுமா பேசின? ஒரு கேழ்வரகு மணிக்குள் குடியிருந்த, அமினோ அமிலம் என்று நாம் சொல்லும், கண்ணுக்கே தெரியாத அமினோக்களும் பேசினார்கள். அவர்களில் இருபது வகையறா உண்டு. சிலருக்குத் தண்ணீர் என்றால் கொண்டாட்டம், சிலருக்குக் குலைநடுக்கம். மாதம்மா நடுங்குகிற வகையறா. ஈரக்காற்று பட்டாலே யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்வாள். அவளைக் கேலி பண்ணாத ஆள் அங்கே கிடையாது.

ஒரு மழைநாளில் மணிக்குள் தண்ணீர் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த முளைக்குழந்தை விழித்து, பசியில் அழுதது. பக்கத்திலேயே மாவு குவிந்து கிடந்தது. மாவு என்று பேர்தானே ஒழிய, அத்தனையும் சர்க்கரைத் துணுக்குகளை இறுகக் கோத்த நீளக் கயிறுகள். குழந்தையின் வாயோ ஊசிமுனை. அமினோக்கள் ஒவ்வொருவராகப் போய் இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுகிற வழியாக இல்லை. அழுகை மெலிந்துகொண்டே வந்தது. அதைத்தான் மாதம்மாவால் தாங்க முடியவில்லை.

"தனித்தனியா போனா ஆவாது. எல்லாரும் கை கோத்துக்கிட்டுப் போவலாம், யாரும் கைய உடக்கூடாது" என்றார் தீர்த்தகிரி. அவர் தண்ணீரிலேயே கிடக்கிற வகையறா.

"நடுவுல தண்ணி நிக்குதேண்ணா" என்றாள் மாதம்மா.

"கொழந்தைக்கு நம்மள உட்டா யாரும்மா இருக்கா?"

அவள் கை கொடுத்தாள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே சங்கிலியாக இறங்கினார்கள். முதல் குளிர் பட்டதுமே மாதம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓடலாம் என்றால் கையை விடக்கூடாது. அப்படியே மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு, ஒளிய இடம் தேடி உள்ளே உள்ளே முண்டினாள். பயந்தவர்கள் எல்லாரும் அதையே செய்து, நடுவில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர்ப் பிரியர்கள் வெளிப்பக்கம் நின்றுபோனார்கள். சங்கிலி மடிந்து சுருண்டு உருண்டையாகிவிட்டது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட" என்றார் தீர்த்தகிரி.

மாதம்மா அவமானத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் வரிசையில் எங்கெங்கோ தள்ளி நின்ற சிலர், அந்த மடிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு சின்னக் குழி. மாவுக்கயிறு ஒன்று வந்து அளவெடுத்தாற்போல அதில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தார்கள், படக்கென்று அறுந்தது. துண்டுகள் போனபின்னும் குழி அப்படியே இருந்தது. அடுத்த கயிறு வந்தது.

குழந்தை ஒரு துணுக்கைச் சப்பிவிட்டு, "இன்னும்" என்றது.

"நீ வெளிய வந்தா மடிப்பு கொலஞ்சிடும், மாதம்மா. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார் தீர்த்தகிரி மெதுவாக.

அவள் வெளியே பார்க்கவில்லை. குழந்தை சப்புகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சாப்பிடட்டும்ணா. நான் இங்கியே இருந்துக்கறேன்."

அப்படி மடிந்த சங்கிலியைத்தான் நாம் புரதம் என்கிறோம், அது செய்யும் வேலையை வைத்து நொதி என்கிறோம். அதற்கு அந்த ஒரே வேலைதான் தெரியும். கொதிநீர் பட்டால் மட்டும் மடிப்பு அவிழ்ந்துவிடும், அதனால்தான் வெந்த தானியம் முளைப்பதில்லை.

அன்று முதல்தான் முளைகட்டிய கேழ்வரகு லேசாக இனிக்கிறது, பல் முளைக்காத பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் அதைத் தேடிக் கூழ் காய்ச்சுகிறார்கள்.